பாடமா, ஆளா? சோர்ந்துபோன மாணவர்களுக்காகப் பள்ளி எதைத் தேர்வது

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இப்போது இந்தப் பேச்சு தவறாமல் வருகிறது. பிள்ளைகள் எதிலும் ஒட்டாமல் இருக்கிறார்கள், கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்கிறார்கள், மார்க் சரிகிறது, திங்கட்கிழமை தோறும் லீவ். ஒருவர் எழுந்து "வாரம் ஒரு பீரியட் மனநலத்துக்கு ஒதுக்குங்கள்" என்கிறார். இன்னொருவர் "ஒரு கவுன்சிலரைப் போட்டுவிடுங்கள்" என்கிறார். நிர்வாகத்துக்குப் பிடித்த யோசனை வேறு: இருக்கிற டீச்சர்களுக்கே இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிடலாம், செலவில்லை. தலைமையாசிரியர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் அவர் மனதில் இருப்பது: "டாக்டரிடம் அனுப்பட்டும். நம் வேலை பாடம் நடத்துவது."

நான்கிலும் நியாயம் இருக்கிறது. நான்கையும் ஏதோ ஒரு நாட்டில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றால் பலன் கிடைத்தது, சிலவற்றால் ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றிரண்டு சிறிய கெடுதலும் செய்தன. எனவே, "எதையாவது செய்வோம், செய்யாமல் இருப்பதைவிட மேல்" என்ற வாதத்தை இந்த விஷயத்தில் நான் ஏற்க மாட்டேன்.

எந்தச் சோர்வு?

ஒரு பையன் கணக்குப் பீரியடில் தூங்குகிறான், சாயங்காலம் கபடியில் கலக்குகிறான். அவனுக்கு மனச்சோர்வு நோய் இல்லை. அவனுக்குக் கணக்கு பிடிபடவில்லை, அல்லது கணக்கு வாத்தியாரைப் பிடிக்கவில்லை. கபடியும் வேண்டாம், நண்பர்களும் வேண்டாம், முன்பு ஆசையாகச் செய்த எதுவும் வேண்டாம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவன் இருந்தால், தூக்கமும் சாப்பாடும் கூடவோ குறையவோ செய்தால், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு வந்தால், அது வேறு. பதின்வயதில் மனச்சோர்வு அழுகையாக வர வேண்டும் என்பதும் இல்லை. எரிச்சலாக, எடுத்தெறிந்து பேசுவதாக வருவது சகஜம். நம் ஸ்டாஃப் ரூம்களில் அதற்கு வைத்திருக்கும் பெயர் திமிர்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது ரத்தசோகை. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. எப்போதும் களைப்பாக, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கும் பெண்ணுக்குக் கவுன்சலிங்குக்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை தேவைப்படலாம். அடுத்தது தூக்கம். பதின்வயதில் உடலின் கடிகாரம் தாமதமாக ஓடத் தொடங்குகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராது. 2016-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளிகளை 7:50-க்குப் பதில் 8:45-க்குத் தொடங்கியது. பிள்ளைகள் கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் செல்போன் பார்க்கவில்லை, சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். காலை ஆறரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் பள்ளி, மாணவர்களின் சோம்பலைப் பற்றிக் கூட்டம் போடும் முன் தன் டைம்டேபிளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு பகுதி மிஞ்சும். 2015–16 தேசிய மனநல ஆய்வு 13–17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. 40 பேர் உட்காரும் வகுப்பில் அது ஏறத்தாழ மூன்று பேர். பள்ளி எடுக்கும் முடிவு முதலில் அந்த மூவருக்கு உதவ வேண்டும். மற்ற 37 பேருக்கும் நல்லது நடந்தால் மகிழ்ச்சி.

வாரம் ஒரு பீரியட்

கேட்க மிகவும் அழகான யோசனை இதுதான். யாரையும் தனியே பிரித்து "உனக்குப் பிரச்சினை" என்று சொல்ல வேண்டாம். எல்லோரும் கற்பார்கள். பள்ளிக்குத் தெரிந்த வேலையும் பாடம் நடத்துவதுதானே.

பிரிட்டனில் இதை மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள். மிரியட் என்ற அந்த ஆய்வில் 85 பள்ளிகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர்கள் முதலில் தாங்களே, இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கப் பழகும் மனவிழிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டு, பிறகு மாணவர்களுக்குப் பத்துப் பாடங்கள் நடத்தினார்கள். 2022-இல் முடிவு வந்தது: வழக்கமான பள்ளிகளைவிட இந்தப் பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வு குறையவில்லை. ஏற்கெனவே சிரமத்தில் இருந்த பிள்ளைகள் சிலருக்கு நிலை சற்று மோசமாகியிருக்கலாம் என்ற அறிகுறியும் தெரிந்தது. பெரும்பாலோர் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீதிபோதனை பீரியடில் சொன்னதை வீட்டில் செய்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத் தரும் ஒரு சிகிச்சை முறையை எட்டு வாரப் பாடமாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு நடத்தினார்கள். பாடம் முடிந்த உடன் எடுத்த அளவீட்டில், படித்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் படிக்காதவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. பெற்றோருடனான உறவும் கொஞ்சம் கசந்திருந்தது. வீட்டில் தொடர்ந்து பயிற்சி செய்த சிலருக்குப் பலன் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏன் இப்படி? லூசி ஃபவுக்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். மனநலத்தைப் பற்றி ஓயாமல் பேசினால், சாதாரண வருத்தத்தையும் நோய் என்று படிக்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. அப்படிப் படிக்கப் படிக்க வருத்தமும் கூடுகிறது என்பது அவர்கள் கருத்து. இது இன்னும் ஒரு கருதுகோள்தான். எனக்கு இதைவிட எளிய ஒரு காரணம் படுகிறது. நன்றாக இருக்கும் 37 பேருக்கு அந்தப் பாடம் தேவையில்லை. தேவைப்படும் மூவருக்கு அந்தப் பாடம் போதாது. அதுவும் வகுப்பின் நடுவில், அடுத்த பெஞ்சுக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போது!

எல்லா வகுப்புப் பாடமும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்களிடம் நடந்த செய்ல் என்ற ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மூன்று வழிகளை அது ஒப்பிட்டது. ஒன்று, ஆபத்தில் இருக்கும் மாணவரைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இரண்டு, கேள்வித்தாள் கொடுத்து வடிகட்டி, ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தவர்களை மனநல நிபுணரிடம் அனுப்புவது. மூன்றாவது யாம் என்ற ஐந்து மணி நேர நிகழ்ச்சி, நான்கு வாரத்தில். அதில் பெரும்பகுதி நாடகம்: வீட்டில் சண்டை, நண்பனின் துரோகம், தோல்வி போன்ற நிலைமைகளை மாணவர்களே நடித்துப் பார்த்து, என்ன செய்யலாம் என்று பேசுவது. ஓராண்டு கழித்து, முதல் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. மூன்றாவதில் தற்கொலை முயற்சிகள், ஒப்பீட்டுப் பள்ளிகளில் 1.5 சதவீதமாக இருக்க, 0.7 சதவீதமாகக் குறைந்தன.

அதை நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்த பயிற்சி பெற்றவர்கள், அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் பிஹார் ஆய்விலும் இதே விஷயம் தலைகாட்டும்.

டீச்சர்களே பார்த்துக்கொள்ளட்டும்

நம் ஊர் நிர்வாகங்களின் முதல் தேர்வு இதுதான். மத்திய அரசின் பள்ளி நலத்திட்டமும் 2020-இல் இந்த வழியில்தான் போனது: பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், நலத் தூதர்கள் என்ற பெயரில்.

இந்த வழியை நேருக்கு நேர் சோதித்த இடம் பிஹார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டம். சேஹர் என்பது திட்டத்தின் பெயர். கோவாவைச் சேர்ந்த சங்காத் அமைப்பு நடத்தியது. அரசு நடத்தும் 74 பள்ளிகள், 9-ஆம் வகுப்பு மாணவர்கள் 13,000-க்கும் மேல். பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பள்ளிக்கு ஒருவர் என்று வெளியிலிருந்து ஓர் ஆளைப் போட்டார்கள். உளவியல் பட்டம் பெற்றவர் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரி. இரண்டாவது பிரிவில் அதே பயிற்சியை, அதே வேலையை, அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவில் அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். அந்தப் பாடம் மற்ற இரு பிரிவிலும் நடந்தது.

அந்த ஆள் என்ன செய்தார் என்று பார்த்தால் பெரிய சிகிச்சை எதுவும் இல்லை. அசெம்பிளியில் பேசினார். மாதம் ஒரு தலைப்பில் சுவர்ப் பத்திரிகை வைத்தார். மனதில் இருப்பதை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார், பெயர் போட்டும் எழுதலாம் போடாமலும் எழுதலாம். மாணவர் குழு ஒன்றைக் கூட்டினார். பள்ளியின் நலக் குழுவை உட்கார வைத்தார். தனியே வந்து பேச விரும்பிய பிள்ளைகளோடு பேசினார்.

எட்டு மாதத்தில், வெளியாள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பற்றிய மாணவர்களின் மதிப்பீடு வெகுவாக உயர்ந்தது. வம்பிழுப்பதும் அடிதடியும் குறைந்தன. மனச்சோர்வு அளவீட்டுப் புள்ளிகளும் இறங்கின. 27 புள்ளிக் கேள்வித்தாளில் சராசரியாக 1 புள்ளிக்குச் சற்று மேல் வித்தியாசம். தனி ஒருவரைப் பொறுத்தவரை அது சிறியது, ஆனால் ஒரு பள்ளி முழுக்க இறங்கிய சராசரி அது. இரண்டாம் ஆண்டிலும் பலன் நீடித்தது, கூடவும் செய்தது. ஆசிரியர் அதே வேலையைச் செய்த பள்ளிகளில்? எதுவும் மாறவில்லை. பாடம் மட்டும் நடந்த பள்ளிகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடே இல்லை.

பிஹார் ஆசிரியர்கள் மோசம், தமிழ்நாட்டு ஆசிரியர்கள் செய்துவிடுவார்கள் என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பட்டதாரி ஆசிரியரின் நாளைப் பாருங்கள். பாட வேளைகள், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்வுத்தாள் திருத்தம், வாக்காளர் பட்டியலுக்கான பிஎல்ஓ வேலை, வராத ஆசிரியருக்குப் பதில் வகுப்பு. நடுவில் சுவர்ப் பத்திரிகை எங்கே ஒட்டுவது? நேரத்தைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. நேற்று என்னை பெஞ்ச் மேல் நிற்க வைத்தவரிடம், நாளை என் இன்டர்னல் மார்க் போடப் போகிறவரிடம், வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிப்பதை நான் சொல்வேனா? சொன்னால் அது ஸ்டாஃப் ரூமோடு நிற்குமா? நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் அவர்களிடம் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் ஒரு திட்டத்தை அந்த அதிர்ஷ்டத்தின் மேல் கட்ட முடியாது.

ஆசிரியருக்கு இதில் வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. முதலில் கவனிக்கக்கூடியவர் அவர்தான். கையெழுத்து மாறுவது, மதியச் சாப்பாட்டுக்குத் தனியே உட்காருவது, ரெக்கார்டு நோட்டை முடிக்காமல் விடுவது எல்லாம் வகுப்பாசிரியர் கண்ணில்தான் படும். கவனித்து, உரியவரிடம் சொல்லிவிடுவதோடு அவர் பங்கு முடிந்தால் போதும்.

கவுன்சிலர்: எப்படிப்பட்டவர், எங்கே உட்காருவார்

இதில் இப்போது சட்டமும் நுழைந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதினைந்து வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் எதுவாயினும், குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி உள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனம் வெளியில் ஒருவரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி. மதிப்பெண்படி பேட்ச் பிரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நம் 'ஏ செக்‌ஷன்' பள்ளிகள் அந்த வரியை எப்படிப் படிக்கப் போகின்றன என்று பார்க்க ஆவல்.

ஆகவே "கவுன்சிலர் வேண்டுமா" என்ற கேள்வி கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. எப்படிப்பட்டவர், என்ன செய்வார் என்பதுதான் பாக்கி. எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி முடித்து மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரைச் சின்ன ஊர்ப் பள்ளி கொண்டுவருவது கஷ்டம். ஆட்களும் குறைவு, சம்பளமும் கட்டாது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) அல்லது எம்.எஸ்ஸி. உளவியல் படித்த, பிள்ளைகளோடு பேசத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் போதும் என்பதற்கு டெல்லியில் ஆதாரம் இருக்கிறது.

டெல்லி அரசுப் பள்ளிகளில் பிரைட் என்ற திட்டத்தில் 250 மாணவர்கள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு, பிரச்சினையைத் தீர்க்கும் வழிகளைச் சொல்லும் படக்கதைப் புத்தகங்கள் மட்டும். மீதிப் பேருக்குப் புத்தகத்தோடு, உளவியல் பட்டம் இல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகருடன் நான்கைந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள், மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பேசியதும் எளிமையானது: உன் பிரச்சினை என்ன, என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்து பார்க்கிறாய். ஆறு வாரத்தில், தாங்கள் சொன்ன பிரச்சினையின் பாரம் ஆலோசகரைச் சந்தித்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. ஓராண்டு வரை அந்த வித்தியாசம் தாங்கியது. மனநல அறிகுறிகளின் மொத்தக் கணக்கில் ஆறு வாரத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இதையும் மறைக்கக் கூடாது. கடும் மனச்சோர்வுக்கு இது சிகிச்சை ஆகாது. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கொண்டுவருவது படிப்பு, வீடு, நட்பு, காதல் ஆகியவற்றில் முடிச்சு விழுந்த கதைகள். அதற்கு இது சரியான அளவு.

கவுன்சிலரை வைத்தும் வைக்காத மாதிரிதான் பல பள்ளிகளில். அவர் அறை தலைமையாசிரியர் அறைக்கு ஒட்டியே இருக்கும். போகிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். வராத ஆசிரியருக்குப் பதிலாக அவரை வகுப்புக்கு அனுப்புவார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் ஒரு சடங்காக அவரிடம் அனுப்புவார்கள். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் பிள்ளைகள் அவரைப் பள்ளியின் ஒற்றனாகத்தான் பார்ப்பார்கள். வேலைக்கு எடுக்கும் நாளிலேயே எழுத்தில் போட்டுவிடலாம்: வகுப்பு எடுக்க மாட்டார், மார்க் போட மாட்டார், தண்டனைக் கூட்டத்தில் உட்கார மாட்டார்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. பாலியல் கொடுமை பற்றி ஒரு குழந்தை சொன்னால் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் பெற்றோரிடம் பேசத்தான் வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுகிற ஆளைத் தேர்ந்தெடுங்கள். "எதுவானாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறவர் வேண்டாம்.

டாக்டர் மட்டும் போதுமா

கடும் மனச்சோர்வுக்கு மருத்துவரைத் தவிர்க்க முடியாது. இதில் அமெரிக்காவின் டாட்ஸ் ஆய்வு (2004) இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 439 பதின்வயதினர், பன்னிரண்டு வாரம். ஃப்ளூவாக்ஸிடின் மாத்திரையும் எண்ணங்களைத் திருத்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 61. பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 35. நோய் முற்றிய நிலையில் "பேசினாலே சரியாகிவிடும்" என்பது ஆபத்தான நம்பிக்கை. "மாத்திரை மட்டும் போதும்" என்பதும் முழு உண்மை இல்லை.

ஆனால் மருத்துவமனையை மட்டும் நம்புகிற பள்ளியில் நடப்பது என்ன? அம்மாவிடம் "மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்" என்றால், அடுத்த நாள் பிள்ளை பள்ளிக்கே வராது. பெண் பிள்ளையென்றால் ஊரில் பேச்சு, நாளைக்குக் கல்யாணம் என்ற பயம் வேறு. இடையில் ஒரு மனிதர் வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. எந்த நாள் என்று சொல்ல, முதல் தடவை கூடப் போய்வர, திரும்பி வந்ததும் தேர்வை எப்படிச் சமாளிப்பது என்று ஆசிரியர்களிடம் பேச ஓர் ஆள். மறுபடியும் நாலந்தாவில் பார்த்த அதே ஆள்தான். நள்ளிரவில் யாரும் இல்லாதபோது 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது; 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை ஆபீஸ் ரூம் சுவரில் ஒட்டுவதைவிட மாணவர் நோட்டில் அச்சிடுவது மேல்.

கற்பித்தல் தானே செய்ய வேண்டியது

இதுவரை சொன்னதில் ஆசிரியரைச் சிகிச்சை வேலையிலிருந்து விலக்கி வைத்தேன். அவருக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. அதை வேறு யாராலும் செய்ய முடியாது.

1960-களின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மேன் கண்டது: என்ன செய்தாலும் பலனில்லை என்று திரும்பத் திரும்ப அனுபவித்த உயிர், தப்ப வழி இருந்தாலும் முயலாமல் படுத்துவிடுகிறது. நம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இதைத் தினமும் பார்க்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு தேர்விலும் சிவப்பு மையைப் பார்த்தவன் பத்தாம் வகுப்பில் பேனாவைத் திறப்பதில்லை. அக்கறையின்மை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கணிப்பு.

இதற்குப் பரிகாரம் சுலபமான கணக்கு கொடுத்துத் தட்டிக்கொடுப்பது என்று நினைப்போம். உளவியலாளர் கேரல் ட்வெக் 1975-இல் இதைச் சோதித்தார். தோல்வி வந்தால் உடனே கைவிடும் சில குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு எப்போதும் சரியாக வரக்கூடிய கணக்குகள் மட்டும். இன்னொரு குழுவுக்கு அவ்வப்போது தோல்வியும் வரும்; வரும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்" என்று சொல்லப்படும். முதல் குழு பிறகு ஒரு கடினமான கணக்கைப் பார்த்ததும் பழையபடி சரிந்தது. இரண்டாவது குழு தாங்கிக்கொண்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்படுகிறது. விடைத்தாளில் 12/50 என்று மட்டும் போடாமல், எந்தப் படியில் தவறியது என்று ஒரு வரி எழுதி, அதே மாதிரி ஒரு கணக்கை மறுபடி செய்யவைத்துத் திருத்தினால், அது உளவியல்தான். அதற்குத் தனிப் பீரியட் வேண்டாம்.

தேர்வு முறையும் இதில் சேர்த்தி. பொதுத்தேர்வில் தோற்றவர் ஒரு வருடம் வீட்டில் கிடக்க வேண்டும் என்ற நிலை மாறி, சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்று தமிழ்நாட்டில் வந்தது ஒரு பெரிய மனநல நடவடிக்கை. 1986-இல் சென்னையில் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். 2017-இல் பிளஸ் 2 முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியதும் இந்த வகைதான். மாநிலம் நிறுத்தியதைச் சில பள்ளிகள் கேட் வாசலில் ஃபிளக்ஸ் வைத்துத் தொடர்கின்றன. அந்த ஃபிளக்ஸுக்குச் செலவாகும் பணத்தைப் பற்றியும் கூட்டத்தில் பேசலாம்.

செயல்வழிச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. மனம் சரியானால் செய்வேன் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்த அல்லது முக்கியமான ஒரு சின்னக் காரியத்தை நேரம் குறித்துச் செய்யத் தொடங்குவது. மனநிலை பின்னால் வரும் என்பது அதன் அடிப்படை. 2016-இல் இங்கிலாந்தில் 440 பெரியவர்களிடம் நடந்த கோப்ரா ஆய்வில், அனுபவம் குறைந்த ஊழியர்கள் நடத்திய இந்தச் சிகிச்சை, தேர்ந்த உளசிகிச்சையாளர்கள் நடத்திய பேச்சு சிகிச்சைக்கு இளைத்ததாக இல்லை, செலவும் குறைவு. பள்ளியில் கவுன்சிலரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து இதைச் செய்ய இடமிருக்கிறது. லைப்ரரியில் புத்தகம் அடுக்கும் பொறுப்பு, செடிக்குத் தண்ணீர், ஜூனியர் பையனுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பது. அப்புறம், பி.இ.டி. பீரியட். உடற்பயிற்சி பதின்வயது மனச்சோர்வைக் குறைக்க உதவுகிறது என்பதற்கு ஆய்வுகள் குவிந்துவிட்டன. அந்தப் பீரியடைக் கடன் வாங்கித் திரும்பத் தராத கணக்கு ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

என் தேர்வு

பணம் ஒரு வழிக்குத்தான் இருக்கிறது என்றால், பள்ளியில் முழுநேரம் இருக்கும் ஒரு வெளியாளுக்குக் கொடுப்பேன். நாலந்தா மாதிரி அசெம்பிளி, சுவர்ப் பத்திரிகை, பெட்டி ஆகிய பொது வேலைகள் பாதி. டெல்லி மாதிரி தனிச் சந்திப்புகள் மீதி. அவருக்கு மாதம் ஒருமுறையாவது ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ வழிகாட்ட ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் கடினமான வழக்குகளில் அவரே தடுமாறுவார், ஒரு வருடத்தில் வேலையை விட்டும் போய்விடுவார். வாரப் பீரியடுக்கு ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டேன். கூடுதலாகக் கொஞ்சம் இருந்தால், யாம் மாதிரி குறுகிய நாடக நிகழ்ச்சியை நடத்தத் தெரிந்த வெளிக்குழுவை 9-ஆம் வகுப்புக்கு அழைப்பேன். ஆசிரியர் பயிற்சி எப்படியும் நீதிமன்றம் சொன்னபடி நடந்தாக வேண்டும். அதில் கவனிப்பது, அனுப்புவது, விடைத்தாள் திருத்தும் முறை இந்த மூன்றை மட்டும் வைப்பேன்.

இரண்டு இடங்களில் என் தேர்வு மாறும். 100-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள கிராமப் பள்ளியால் முழுநேர ஆளைத் தாங்க முடியாது. பக்கத்துப் பக்கத்தில் நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் என்று மாறாமல் நடத்தலாம். நாள் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, சமீபத்தில் ஒரு மாணவர் இறந்துபோன பள்ளி. அங்கே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க நேரமில்லை. அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவை உடனே கூப்பிட வேண்டும். மற்றதெல்லாம் அடுத்த பருவத்துக்கு.

எந்த வழியை எடுத்தாலும் ஜூனில் தொடங்கும்போது ஓர் அளவீடு எடுத்துவிடுங்கள். பிஎச்க்யூ-9 என்ற, ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுக் கேள்வித்தாள் இலவசம், தமிழிலும் உண்டு. பெயர் இல்லாமல் நிரப்பச் சொல்லலாம். ஆனால் அதன் கடைசிக் கேள்வி சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்கிறது. பெயர் இல்லாத தாளில் "ஆம்" என்று வந்தால் யாரைத் தேடிப் போவது? அதனால் அன்று மதியமே ஒவ்வொரு வகுப்பிலும் அந்த ஆள் போய்த் தன் பெயரையும், தான் எந்த அறையில் எத்தனை மணி வரை இருப்பார் என்பதையும் சொல்லிவிட்டு வர வேண்டும். அந்த ஆளை இன்னும் வேலைக்கு எடுக்கவில்லை என்றால், தாளையும் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.